மைக் பரீட்சைக்குப் போனவர்

அவரிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். கேட்டால் முதலில் வாட்சைப் பார்ப்பார். அப்புறம் தரையைப் பார்ப்பார். அது கொஞ்சம் முந்தி ஓடுகிற வாட்ச். எவ்வளவு முந்தி என்று மனசுக்குள் கழிப்பார். கேட்டவர் பஸ்ஸுக்குப் போகிறாரா ரயிலுக்குப் போகிறாரா என்று வேறு யோசிப்பார். இதெல்லாம் முடிந்து அவர் வாயைத் திறப்பதற்குள் சேத்தியாத்தோப்பு பஸ் கிளம்பிப் போயிருக்கும்.

எங்கள் அப்பா அவருக்கு வைத்த பேர் டிரங்கால். அந்தக் காலத்தில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டால் நாம் கத்தியது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பதில் வருவதற்குள் உயிர் போய்விடுமாம். முகத்துக்கு நேராகவே, "என்னா டிரங்கால் தம்பி, சாப்டாச்சா?" என்பார். அதற்கும் உடனே பதில் வராது. அப்பா செருப்பைப் போட்டு, சைக்கிள் ஸ்டாண்டை எடுத்து, தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து, "ஆச்சுங்க" என்று கேட்கும். எனக்குச் சிரிப்பு தாங்காது.

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம் போகும் ரோட்டில், ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டு போர்ஷனாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் அவரும் அவர் அம்மாவும். அவர் அம்மாவை நான் பெரிம்மா என்பேன், அவரை அண்ணா. அவர் என்னைப் பாப்பா என்பார். நான் காலேஜ் போன பிறகும் பாப்பாதான். கரண்டுக் கம்பத்தில் வெள்ளை வெள்ளையாக மாட்டியிருக்குமே இன்சுலேட்டர், அது செய்கிற கம்பெனியில் அவர் இன்ஜினியர். அங்கேயே ஆபீஸில் அப்பா கிளார்க்.

அவர் பேசாமல் இருப்பதில் திமிர் கிடையாது. கூச்சமும் கிடையாது. நாம் கேட்டதை வாங்கிக்கொண்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரியும். இடது பக்கம் தரையைப் பார்த்தபடி கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். 'ம்', 'வந்து', 'அதாவது' என்று இழுக்க மாட்டார். வெறுமனே இருப்பார். பழக்கமில்லாதவர்களுக்கு அது ஒத்துவராது. ஒருமுறை ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அந்த மௌனம் பொறுக்காமல் தானே நாலு பதில் சொல்லி, தானே மறுத்து, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறி உட்கார்ந்து பேசுகிறவர்கள். நான் ஒன்று கேட்டால் அதைக் கேட்டு, அதற்காக ஒரு மனுஷர் தன் நேரத்தைச் செலவு பண்ணுகிறார் என்பதே எனக்குப் பெரிசாக இருந்தது.

எங்கள் அம்மா இன்றைக்கும் உயிரோடிருப்பது அந்த மௌனத்தால்தான். அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பக்கத்து கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, ஒன்றுமில்லை போ என்றுவிட்டார்கள். பெரிம்மாவிடம் அம்மா அதைப் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பம்பைக் கீழே வைத்தார். "வலிக்குதாங்க?" என்றார். "வலியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றாள் அம்மா. அவர் தரையைப் பார்த்தார். அம்மா கீரையை ஆய்ந்து முடித்துவிட்டாள். பெரிம்மா தண்டைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவர், "வலிக்கலன்னா வுடாதீங்க. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போயிடுங்க" என்றார். அதோடு திரும்பிப் பம்பை எடுத்துக்கொண்டார். "அந்தத் தம்பி இவ்ளோ யோசிச்சு சொல்லுதுன்னா போவணும்ங்க" என்று அம்மா அப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் சொல்தான் சொல்.

கம்பெனியில் அவர் வேலை பார்ப்பதையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்பா கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று கொடுக்கப் போனேன். சூளையிலிருந்து வந்த சரக்கை மேஜையில் அடுக்கியிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, சின்ன மரச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். டிங்கென்று கேட்டது. எனக்கு அது நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்னாண்ணா, தூங்கிட்டிங்களா?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமல் கையைக் காட்டினார். ரொம்ப நேரம் கழித்துத்தான், "சத்தம் முழுசா அடங்கணும் பாப்பா. உள்ளுக்குள்ள கீறல் இருந்தா கடைசீலதான் தெரியும்" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் அந்தப் பரீட்சை வந்து வாய்த்தது.

சூளை ஆறும்போது சரக்கு ஏன் உள்ளே கீறுகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதைப் பற்றி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அமெரிக்காவில் ஒரு புரொபசருக்கு மெயில் போட்டிருக்கிறார். அவரும் பதில் போட்டு, இதையே இங்கே வந்து எம்.எஸ். படிப்பாகச் செய்யேன் என்று கூப்பிட்டுவிட்டார். ஆனால் சேர்க்கை வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும். கணக்கும் வார்த்தையும் கேட்கிற பரீட்சை ஒன்று. அதில் நல்ல மார்க். இன்னொன்று இங்கிலீஷ் தெரியுமா என்று சோதிக்கிற பரீட்சை. படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று அதில் நாலு பாகம். முதல் மூன்றில் மலையையே புரட்டினாலும், பேச்சில் அந்த யுனிவர்சிட்டி சொன்ன மார்க்குக்குக் குறைந்தால் இடம் கிடையாது. பேச்சென்றால் எதிரே ஆள் இருந்து பேசுவதில்லை. காதில் ஹெட்போன் ஒன்று, வாய்க்கு முன்னால் மைக் ஒன்று. கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும். யோசிக்கப் பதினைந்து விநாடி. அப்புறம் பீப் என்று ஒரு சத்தம். நாற்பத்தைந்து விநாடி பேச வேண்டும். அதோடு அடைத்துவிடும். எங்கள் தெருவில் அதற்கு மைக் பரீட்சை என்றே பேராகிவிட்டது.

சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்த மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். எப்படிண்ணா எழுதினீங்க என்று கேட்டு, துணியெல்லாம் உதறிக் கொடியில் போட்டு முடித்தேன். அப்புறம் சொன்னார்.

"மொதல்ல மைக் வேலை செய்யுதான்னு பாக்க ஒரு கேள்வி வந்துது பாப்பா. நீங்க இருக்கிற ஊரப் பத்தி சொல்லுங்கன்னு."

"சொல்ல வேண்டியதுதானே? அதுக்கெல்லாம் மார்க்கா போடப் போறான்?"

"சுத்தி எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க. சென்னை பெரிய ஊரு, பீச் இருக்குது, பீச் இருக்குதுன்னு. நான் நம்ம ஊரப் பத்தி எதச் சொல்றதுன்னு யோசிச்சேன். கோயிலச் சொல்றதா, ஜங்ஷனச் சொல்றதா. ஆத்துல தண்ணி இல்ல, அதச் சொல்லலாமான்னு... அதுக்குள்ள ஒரு அம்மா வந்து, மைக் ரிப்பேருன்னு வேற மைக் மாத்திட்டாங்க."

நான் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார், வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாக. அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "எல்லா கேள்வியும் புரிஞ்சுது பாப்பா. எல்லாத்துக்கும் பதிலும் இருந்துது. அது வாய்க்கு வரும்போது அடுத்த கேள்வி வந்துட்டுது" என்றார்.

மார்க் வந்தபோது படிப்பதிலும் கேட்பதிலும் எழுதுவதிலும் பிரமாதம். பேச்சில் பாதாளம். ஒன்றுமே தெரியாத ஆள் என்று அர்த்தமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரை எங்கள் ரோட்டுக்கு இழுத்து வந்து லாரியை விட்டு ஏற்றியிருப்பேன். பெரிம்மா ஒன்றும் புரியாமல், "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமேடா" என்றார்கள். அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வயது முப்பதைத் தொடப் போகிறது. அந்தப் புரொபசர் ரிட்டயர் ஆகப் போகிறவர். அடுத்த சேர்க்கையை விட்டால் அவரிடம் இடமில்லை. இங்கே கம்பெனியில் அவர் ஏறுவதற்கு மேலே படி எதுவும் பாக்கியில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தோறும் சென்னையில் ஒரு கோச்சிங் சென்டருக்குப் போய் வர ஆரம்பித்தார். அங்கே ஒரு மாஸ்டர். நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"உங்ககிட்ட உண்மையா யாரு கேட்டா? பேசச் சொல்றாங்க, பேசுங்க" என்பாராம் மாஸ்டர். எந்தக் கேள்வி வந்தாலும் முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த வரி, இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று இது. இரண்டாவது அது. கடைசியில், அதனால்தான் நான் இப்படி நினைக்கிறேன். பீப். பிடித்த சாப்பாடு எது என்றாலும் இதுதான், உலகத்தில் சண்டை ஏன் வருகிறது என்றாலும் இதுதான். "காரணம் உடனே கெடைக்கலன்னா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "வாய்க்கு வர்றதச் சொல்லுங்க. பொய்யா நெசமான்னு மெஷினுக்குத் தெரியாது. சும்மா இருந்தா மட்டும் தெரிஞ்சிடும்" என்றாராம்.

சாயங்காலம் மாடிப்படியில் பயிற்சி நடக்கும். அவர் மேல்படியில். நான் கீழ்ப்படியில், மடியில் டைம்பீஸோடு. கேள்வியை நான் வாசிப்பேன். பதினைந்து விநாடி ஆனதும் "பீப்" என்று கத்துவேன். நான்தான் பீப். அவர் தொண்டையைச் செருமுவார், வாயைத் திறப்பார், கண் மட்டும் இடது பக்கம் தரைக்குப் போய்விடும். "அண்ணா, தரையப் பாக்காதீங்க!" என்று கத்துவேன். நாற்பத்தைந்து விநாடியும் பாவமாகக் கழிந்துபோகும்.

ஒருநாள் முழுசாகப் பேசிவிட்டார். உங்கள் வாழ்க்கையில் முக்கியமானவர் யார் என்பது கேள்வி. அம்மா என்றார். இரண்டு காரணம் என்றார். சின்ன வயதில் அம்மா நகையை அடகு வைத்து சைக்கிள் வாங்கித் தந்தது ஒன்று, காய்ச்சலில் தன்னைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தது இன்னொன்று. நான் பீப் சொன்னபோது சரியாக முடித்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர். ஓடிப்போய்ப் பெரிம்மாவிடம் சொன்னேன். பெரிம்மா அடுப்பிலிருந்து திரும்பி, "நான் எப்படீ அவனுக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்தேன்? அது அவன் சம்பாதிச்சு வாங்குனது. மழையில எங்கடீ தூக்கிட்டுப் போனேன்?" என்றார்கள். மாடிப்படிக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "வாய்க்கு வந்துது" என்றார். அதை உடனே சொன்னார்.

இரண்டாம் தடவையும் எழுதினார். பேச்சில் மார்க் ஏறியிருந்தது. ஆனாலும் அவர்கள் கேட்டதற்குக் கொஞ்சம் குறைந்தது. இன்னும் ஒரே தடவைதான் எழுத நேரமிருந்தது. மாஸ்டர் சொல்லிவிட்டாராம்: வெறும் மாடிப்படிப் பயிற்சி போதாது. வீட்டில், வேலையில், டீக்கடையில், தமிழிலும் சரி, யார் எதைக் கேட்டாலும் வாயைத் திறந்துவிட வேண்டும். யோசிக்கிற பழக்கத்தையே உடம்பிலிருந்து எடுத்தால்தான் மைக்குக்கு முன்னால் வாய் திறக்கும்.

எடுத்தார் அவர். எப்படி எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் எடுத்தார்.

டீக்கடையில் டீயா காப்பியா என்று கேட்டு முடிக்குமுன் டீ என்றார். மணி கேட்டால் மணி சொன்னார், அந்த முந்தி ஓடுகிற வாட்சில் உள்ளபடியே. பெரிம்மா "ரசமா மோராடா?" என்றால், "மோரு. ரெண்டு காரணம்" என்று ஆரம்பித்துவிடுவார். தெருவில் எல்லாருக்கும் குஷி. எங்கள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "டிரங்கால் எஸ்.டி.டி. ஆயிட்டாருய்யா, சுத்துன உடனே லைன் கெடைக்குது!" என்று ஆபீஸ் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணன் தேறிவிடுவார் என்று இருந்தது. ஒரே ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது, "இப்பல்லாம் தம்பி தட்டுறாரு, உடனே வச்சிடறாரு. காதுகிட்டயே கொண்டுபோறதில்ல" என்றார். அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் வந்தது. பெண்ணாடம் பக்கம், கரும்புக்காரர்கள் வீடு. இரண்டு டிராக்டர் ஓடுகிறது. மாப்பிள்ளை நம் ஊரில்தான் செராமிக் டிப்ளமா படித்தவர். பக்கத்துப் போர்ஷன் அண்ணனும் பி.இ. சேருவதற்கு முன்னால் அதே வகுப்பில் படித்தவர். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுப் பூனை மாப்பிள்ளை நாற்காலிக்கு அடியில் போனது. அவர் சிரித்த முகம் மாறாமல் காலால் அதைத் தள்ளினார். தள்ளினார் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். பூனை சுவரில் மோதி, கத்தக்கூட இல்லாமல் வெளியே ஓடியது. அதற்குமேல் மிக்சர் தட்டிலிருந்து கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

எனக்கு வேண்டாம் என்றேன் அம்மாவிடம். "பூனையத் தள்ளுனதுக்கெல்லாம் மாப்ளைய வேணாம்பாங்களாடி? ஊரு சிரிக்கும்" என்றாள். அப்பா முகம் தொங்கிவிட்டது. எனக்கும் நிச்சயமாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன்: "டிரங்கால் அண்ணன் கூடப் படிச்சவரு. அவரக் கேளுங்க. அவரு சரின்னா நான் கழுத்த நீட்டுறேன்." அம்மாவைப் பிழைக்க வைத்த மனுஷர். வேறு யாரை நம்புவேன் நான்?

அப்பா அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு அவசரமே இல்லை. அவர் தரையைப் பார்ப்பார், விரலைத் தேய்ப்பார், அதற்குள் அம்மா போட்ட காப்பி ஆறிப்போகும், அப்புறம் ஒரு வரி சொல்வார் என்று சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"தம்பி, அந்தப் பையன் உங்ககூடப் படிச்சவராமே. எப்படி, பொண்ணு குடுக்கலாமா?"

"தாராளமா குடுக்கலாங்க" என்றார் அவர்.

நான் நிமிர்ந்து நின்றேன்.

"ரெண்டு காரணம் சொல்லலாம். ஒண்ணு, குடும்பம் கௌரவமான குடும்பம். அவங்க அப்பா காலேஜுக்கு வந்தா எல்லார்கிட்டயும் மரியாதையா பேசுவாரு. ரெண்டாவது, பையன் சிகரெட்டு, குடி எதுவும் கெடையாது. அமைதியான ஆளு. அதனால நம்ம பாப்பாவுக்கு ஒத்துவரும்னு நான் நெனைக்கிறேன்."

பீப் என்று என் வாய்க்குள்ளேயே சொன்னேன். பழக்கதோஷம். கச்சிதமாக முடித்திருந்தார்.

அவர் போனதும் அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாடி? ஒரு டம்ளர் தண்ணி கேட்டாலே யோசிக்கிற ஆளு. அவரே யோசிக்காம பட்டுனு சொல்றாருன்னா, பையன் எப்படிப்பட்டவனா இருக்கணும்! இதுக்கு மேல யாரக் கேக்கணும்?" என்றார். அம்மாவும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள். நான் என்ன சொல்வது? கேளுங்கள் என்று சொன்னதே நான்தானே.

டைம்பீஸை மடியில் வைத்து அவரை வேகப்படுத்தியவள் நீதானே என்று யாராவது கேட்டால், ஆமாம், நான்தான். அதில் என் தப்பு என்ன இருக்கிறது? ஒரு மனுஷர் படிக்கப் போக ஆசைப்பட்டார். நான் உதவி செய்தேன். அவர் தப்பும் இல்லை. இருந்த ஒரு தடவையில் தேறியாக வேண்டும் என்று பழகிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா கேட்டதும் அவருக்கு இன்னொரு கேள்வியாகத்தான் காதில் விழுந்திருக்கும்.

மூன்றாம் தடவை தேறினார். பேச்சில் அவர்கள் கேட்டதற்கு மேலேயே மார்க். பெரிம்மா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார்கள். வைகாசியில் எனக்குக் கல்யாணம். அவர் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினார். யார் என்ன கேட்டாலும் கேட்ட வாய் மூடுமுன் பதில். கல்யாணத்துக்கு வந்திருந்த என் சித்தி, "இவ்ளோ கலகலப்பான பையன், ஊமைன்னு சொன்னீங்களே!" என்று கேட்டாள். நான் மணவறையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூடத் தரையைப் பார்க்கவில்லை. ஆடியில் விமானம் ஏறிவிட்டார்.

என் கதையை நீட்ட இஷ்டமில்லை. என் வீட்டுக்காரருக்கு சிகரெட், குடி எதுவும் இல்லை, அது நெசம். அமைதியான ஆள், அதுவும் நெசம். சத்தமே வராது. அடிக்கும்போதும் அந்தச் சிரித்த முகம் மாறாது. கதவைச் சாத்திவிட்டு, நிதானமாக, கை எங்கே பட்டால் வெளியே தெரியாதோ அங்கே. மாமனார் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவார், என்னிடமும்தான். மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் வீட்டுக்காரர் அவளைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தார். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்ணாடம் ஸ்டாண்டில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்தவர், பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் யாருக்கும் பட்டப்பேர் வைத்து நான் கேட்டதில்லை.

பெரிம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்காவிலிருந்து போன் வரும். அண்ணன் என்னை விசாரித்ததாகப் பெரிம்மா ஒரு தடவையும் சொன்னதில்லை. நான் வந்து சேர்ந்தது தெரிந்த பிறகும் இல்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஒருநாள் நான் பெரிம்மா வீட்டு வாசலில் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பெரிம்மா செல்போனை என் காதில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். "உன் தங்கச்சிதான் இங்க இருக்குது, பேசுடா."

"எப்படி இருக்க பாப்பா?" என்றார்.

"இருக்கேண்ணா."

"குழந்தை?"

"நல்லா இருக்குது."

அப்புறம் படபடவென்று அங்கே பனி, தன் லேப், புரொபசர் வீட்டு விருந்து என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு மூச்சு இடைவெளி விடவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு எங்க அப்பா கேட்டாங்களே. அவரப் பத்தித் தப்பா உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

பேச்சு நின்றது.

முதலில் லைன் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் தூரத்தில் ஏதோ ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை அடுத்த வாய்க்கு ஆ என்று காட்டினாள். ஊட்டினேன். அவள் மென்று விழுங்கினாள். இன்னொரு வாய் ஊட்டினேன். பெரிம்மா தூரத்திலிருந்து, கட்டாயிடுச்சா என்று கையைக் காட்டினார்கள். இல்லை என்று தலையாட்டினேன். எத்தனையோ நாள் கழித்து அந்த மௌனத்தை மறுபடி கேட்கிறேன். அவர் அங்கே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

"ஒர்க்‌ஷாப்புல நாங்க படிக்கறப்ப ஒரு நாய்க்குட்டி இருந்துது பாப்பா" என்றார். "குளிருக்கு சூளைப் பக்கத்துல வந்து படுத்துக்கும். ஒருநாள் அவன்..."

"வேணாம்ணா" என்றேன்.

அவர் நிறுத்திக்கொண்டார். எனக்கு எங்கள் வீட்டுப் பூனை ஞாபகத்துக்கு வந்தது.

"எப்பண்ணா இது ஞாபகம் வந்துது உங்களுக்கு?"

இதற்கும் நேரமானது.

"பிளேன்ல" என்றார். "அங்க யாரும் எதுவும் கேக்கல."

நான் போனைப் பெரிம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பெரிம்மா பேசி வைத்துவிட்டு வந்து, "கடைசீல பழையபடி லேட்டா லேட்டா பதில் சொன்னான்டி. நல்லாத்தானே இருக்கான்? உன்கிட்ட என்னா சொன்னான்?" என்று கேட்டார்கள்.

"ரொம்ப நல்லா இருக்காராம் பெரிம்மா" என்று உடனே சொன்னேன்.